முதுமைக்கோர் உறையுள்

நல்லூர்த் திருவிழாக் காலம் வந்துவிட்டால் எங்கள் கல்லூரி வாயிலிற் புதிய முகங்கள் தோன்றும். புதியன என்றேனாயினும் அவை பழைய முகங்களே. கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவர்கள், மனைவி மக்களை மண்டபத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, தாம் இருந்து படித்த வாங்கு எங்கே, அடி வாங்கிய வகுப்பறை எங்கே என்று தேடித் திரிவர். அவருட் சிலர் என் வகுப்புத் தோழர். சிலர் என்னிடம் நன்னூல் படித்தவர். கல்லூரியின் நலமும் துடுப்பாட்டத்தின் நிலையும் விசாரித்து முடிந்த பின்னர், போகுந் தறுவாயில் என்னைச் சற்று அப்பால் அழைத்து, குரலைத் தாழ்த்தி ஒரு வினா வினவுவர். "சேர், அம்மாவோடை இரவிலை நிற்க நம்பிக்கையான ஒரு மனிசி எங்கையேனும் அகப்படுமோ?"

சென்ற திருவிழாவில் மட்டும் இவ்வினாவை எழுவர் வினவினர். அவருள் இருவர் மருத்துவர், ஒருவர் பொறியியலாளர். பாலங் கட்டவும் உடலை அறுத்து நோய் நீக்கவும் கற்றவர்கள், தம்மைப் பெற்றவள் இரவில் யார் துணையோடு உறங்குவாள் என்பதற்கு விடை காணாது ஒரு தமிழாசிரியனிடம் வந்து நின்றனர். ஆசிரிய கலாசாலையில் இரண்டாண்டு பயின்று யான் பெற்ற சான்றிதழ் இலக்கணங் கற்பிக்கத் தகுதி தந்ததேயன்றி, முதியோர்க்குத் துணை தேடும் தரகுத் தொழிலுக்குத் தகுதி தந்ததில்லை. ஆயினும் அவர்களைக் குறைகூற என் நா எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

விழாமலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதுக என்றே குறிப்பால் உணர்த்தினர். அதனை என்னினும் வல்லார் எழுதுவர். யான் எடுத்துக்கொண்ட பொருள் விழா மண்டபத்திற் பேசுதற்கு இனியதன்று. நாம் முதுமையில் எங்கு வாழப்போகின்றோம், எத்தகைய வீட்டில், யாருடன், எவருடைய செலவில் என்பதே அப்பொருள். நாம் என்றது நம் பெற்றோரை அன்று. நாற்பதும் ஐம்பதும் கடந்து நிற்கும் நம்மையே. இன்று பெற்றோர் பொருட்டு ஆள் தேடும் நாம் இன்னும் இருபது ஆண்டில் ஆள் தேடப்படுவோராய் இருப்போம். அப்போது இதே வாயிலிற் குரலைத் தாழ்த்தி வினவ வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். வினவுவார்களோ என்பதும் ஐயமே. அவருட் பலருக்கு இந்த வாயில் எத்திசையில் இருக்கின்றது என்பதே தெரியாது.

நம்மவர் முன்யோசனை இல்லாதவர் அல்லர். பெண்குழந்தை பிறந்த அன்றே அவளுக்கு வீடு எங்கே என்று கணக்கிடத் தொடங்கிய சமூகம் இது. அயலில் இரண்டு பரப்புக் காணி விலைக்கு வருகின்றதென்றால் நகையை அடகு வைத்தாவது வாங்கி வைப்போம். பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குவோம். கோயிலில் நம் உபயத்துக்கு ஒதுக்குவோம். நம் அந்தியேட்டிக்குங்கூட ஒதுக்கி வைப்பாரைக் கண்டிருக்கின்றேன். ஆயின் ஓய்வு பெற்ற நாளுக்கும் அந்தியேட்டிக்கும் இடையே கிடக்கும் இருபது முப்பது ஆண்டை எந்த அறையிற் கழிப்பது என்பதை மட்டும் எவரும் எண்ணுவதில்லை. பேச்செடுத்தால், "இப்ப என்ன அவசரம், ஏன் அவச்சொல்?" என்று வீட்டில் உள்ளோர் வாயை அடைத்துவிடுவர்.

இவ்வாறு எண்ணாதிருந்தமைக்குக் காரணம் உண்டு. நம் முன்னோர்க்கு எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர்க்காக வழக்கமே எண்ணி வைத்திருந்தது. ஒல்லாந்த ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707 ஆம் ஆண்டில் தொகுத்து முடித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என ஆதனத்தை வகுத்துரைக்கின்றது. 1806 இல் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு அளித்தனர். அந்தச் சீதன முறையோடு ஒட்டி வளர்ந்ததே முதியோர்க்கான ஏற்பாடும். வீடு சீதனமாக மகளுக்குப் போகும். ஆயின் பெற்றோர் வீட்டைவிட்டுப் போகார். மூத்தவளுக்குப் பக்கத்து வளவில் ஒரு வீடு எழுப்பிக் கொடுத்து, குடியிருந்த வீட்டை இளையவளுக்கு எழுதி, அவ்வீட்டுத் தலைவாசலிலேயே தந்தையார் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு காலங் கழிப்பார். கிணறு பொது. வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதன் வழியே காலையில் ஒரு வீட்டிலிருந்து கோப்பியும் மாலையில் மற்றொரு வீட்டிலிருந்து பிட்டும் வரும். கிழவர் இருமினால் மூன்று வீட்டில் விளக்கு எரியும்.

அதனைப் பொற்காலமென்று பாட யான் முற்படவில்லை. அந்த இளைய மகளை எவரும் ஒரு சொற் கேட்டதில்லை. அவள் உத்தியோகத்துக்குப் போகாமல் நின்றதும், கணவனோடு கொழும்புக்கு மாற்றலாகிச் செல்லாமல் நின்றதும், பத்தாண்டு இரவு பகலாகத் தூக்கி எடுத்ததும் 'கடமை' என்ற ஒரு சொல்லுள் அடங்கிப்போயின. நாம் புகழும் கூட்டு வாழ்வின் பளு பெரும்பாலும் ஒரு பெண்ணின் இடுப்பிலேயே இருந்தது.

எவ்வாறாயினும் அவ்வழக்கம் இன்று இல்லை. 1983 ஆம் ஆண்டின் பின் இளைஞர் கடல் கடந்தனர். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வளவு விட்டு வெளியேறினர். அவருட் பலர் கால் நூற்றாண்டு கழித்தும் தம் காணியின் எல்லையைக் காணவில்லை. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. வேலிப் பொட்டின் இருபுறமும் இருந்த வீடுகளில் ஒன்று இடிந்தது. மற்றொன்றிற்கு உரியவர் பாரிசில் இருக்கின்றார். இஃது ஒருபுறம் இருக்க, நம் ஆயுளும் நீண்டுள்ளது. 1981 இல் இலங்கையின் சனத்தொகையில் அறுபது வயதை எட்டியோர் நூற்றுக்கு எழுவரினுங் குறைவு. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர் நூற்றுக்குப் பன்னிருவரைக் கடந்துவிட்டனர். தாங்கும் தோள்கள் தொலைவிற் போயின. தாங்கப்படுவோர் தொகை இரட்டித்தது. வழக்கம் செய்து வந்த வேலையை இனி நாமே செய்தாக வேண்டும்.

நிற்க. மேலே சொல்வதாகக் கூறிய காரணத்தை இனிச் சொல்கின்றேன். என் வீட்டுக் கதையை மறைத்துக்கொண்டு பிறர்க்கு அறிவுரை கூறின் அது போலியாகும்.

என் தந்தையாரும் ஆசிரியரே. சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் கட்டிய வீடு கிராமத்தில் இருக்கின்றது. வெள்ளம் ஏறாமல் இருக்க அத்திவாரத்தை உயர்த்திக் கட்டினார். ஆதலின் தலைவாசலுக்கு ஐந்து படி. வடக்கே கிணறு. கிணற்றையுங் கடந்து, கோடியில், வீட்டிலிருந்து நாற்பது அடி நடையில் மலசலகூடம். அக்காலத்துச் சுத்தம் அது. வீட்டினுள் மலசலகூடம் வைப்பதை அவர் நினைத்தும் பார்த்திரார். 2009 இல் அவர் காலமானபின் அம்மா அங்கே தனியே வாழ்ந்தார். அக்கா கனடாவில், அண்ணர் இலண்டனில், யான் நகரத்தில், வாடகை வீட்டில், துவிச்சக்கர வண்டியில் முக்கால் மணி நேரத் தூரத்தில்.

அம்மாவின் படுக்கையறையோடு ஒரு குளியலறையும் மலசலகூடமும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று முதலாண்டுத் திவசத்திலேயே பேசினோம். அக்கா, அம்மாவைக் கனடாவுக்கு அழைக்கப் போகின்றேன், ஆதலின் வீட்டிற் காசைக் கொட்டாதே என்றார். அண்ணர், வீட்டை விற்று வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கலாம் என்றார். யானோ, அம்மாவை ஊரிலிருந்து கிளப்பக் கூடாது என்று வாதாடினேன். வாதாடினேனேயன்றி ஒரு கல்லும் எடுத்து வைத்தேன் இல்லை. ஐந்தாண்டு தொலைபேசியிற் பேசினோம். அப்பேச்சுக்குச் செலவான பணத்திற் குளியலறையின் பாதிச் சுவராவது எழுந்திருக்கும். அம்மாவை, "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

2014 மார்கழியில் மழையிரவு ஒன்றிற் கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்தார். சாமம் மூன்று மணியிருக்கும் என்று பின்னர்ச் சொன்னார். விடியப் பூப்பறிக்க வந்த அயல்வீட்டுச் சிறுமி காணும்வரை அவ்வீரச் சீமெந்திலேயே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள், உயிர் பிழைத்தது. ஆயின் அன்று வைத்தியசாலைக்குப் போனவர் தம் வீட்டுக்கு வாழத் திரும்பவில்லை. ஒரே இரவில், எவரும் தீர்மானியாமலே, எல்லாந் தீர்மானமாயிற்று. என் வாடகை வீட்டின் முன்னறை அவருடைய அறையாயிற்று. இன்று எண்பதைக் கடந்துவிட்ட அவர், ஊர் வீட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தபடியே இருக்கின்றார். அதனை வாங்கி அலுமாரியில் வைக்க எனக்குத் துணிவில்லை. கல்லூரி வாயிலில் வினவும் அன்பர்களைக் குறைகூற என் நா எழாமைக்குக் காரணம் இதுவே.

ஆதலின், சொந்த வீட்டிலேயே இறுதிவரை இருப்பேன் என்பார்க்கு முதலிற் சொல்வது: அவ்வீடு உங்களை இருக்க விடுமா என்று பாருங்கள். ஐம்பது வயதிற் பாருங்கள். ஒரு நாள் முழங்காலை மடக்க முடியாதவர்போல் நடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் எல்லாம் புலனாகும். எத்தனை படி ஏறவேண்டியிருக்கின்றது? பிடித்துக்கொள்ள ஏதேனும் உண்டா? இரவில் ஒளி இருக்கின்றதா? குந்தியிருக்கும் மலசலகூடத்திலிருந்து எழ முடிகின்றதா? சாய்தளம் அமைப்பதாயின் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கட்டட வல்லார் கொள்ளும் அளவு. என் தந்தையாரின் ஐந்து படிக்கு அக்கணக்கைப் போட்டால் முற்றத்தின் பெரும்பகுதி போய்விடும். வீடு கட்டும்போதே எண்ணினாலன்றிப் பின்னர் இடம் கிடையாது. குளியலறைக் கதவை நம் மேசன்மார் சிக்கனமாக இரண்டரை அடியில் வைத்துவிடுவர். சக்கர நாற்காலி அதனுள் நுழையும்போது தள்ளுபவரின் விரல் தேயும். நிலை மூன்றடி இருக்கட்டும். இவற்றைக் கட்டுங்கால் அதிகச் செலவில்லை. இடித்துக் கட்டுங்கால் உண்டு.

இவ்விடத்தில் வெளிநாட்டு அன்பர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். கோபிக்கலாகாது. ஊர்கள்தோறும் நீங்கள் எழுப்பியிருக்கும் மாடி வீடுகளைக் கண்டு மகிழ்கின்றோம். பளிங்குத் தரை, சுழன்று ஏறும் படிக்கட்டு, மேல்மாடத்திற் சிங்கமுகத் தூண், தானே திறக்கும் இரும்புக் கதவு. பல வீடுகளில் மேல்மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே ஒரு சிற்றறையில், குசினிக்குப் பக்கத்தில், உங்கள் தாயார் கட்டில் போட்டிருக்கின்றார். பளிங்குத் தரையில் தண்ணீர் சிந்தினால் இளையோரே வழுக்கி விழுவர். தாயாருக்கென்று கட்டிய அவ்வீட்டில் தாயாருக்காக அமைந்தது எது? ஓராண்டில் மூன்று கிழமை வந்து நிற்கும் உங்களுக்காகவும், மதிலுக்கு வெளியே நின்று பார்க்கும் எங்களுக்காகவுமே அது கட்டப்பட்டது. அவருக்கு வேண்டியிருந்தது சொரசொரத்த தரையுள்ள ஒரு குளியலறை, சுவரில் ஒரு கைபிடி, கூப்பிட்டாற் கேட்கும் தூரத்தில் ஒரு மனிதர். இவற்றுள் முதலிரண்டையும் காசு கொடுத்து வாங்கலாம். மூன்றாவது, வேலியை இடித்து ஒன்பதடி மதில் எழுப்பிய அன்றே போய்விட்டது.

இனி, பிள்ளைகளோடு போய் இருத்தல். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடி வீடுகளில் நம்மூர் முதியோர் பலர் வாழ்கின்றனர். இழிந்த வாழ்வன்று அது. பெரிய வைத்தியசாலைகள் அண்மையில் உள்ளன; கதிரேசன் கோயில் உண்டு; கொழும்புத் தமிழ்ச் சங்கத்திற் கூட்டமும் நூலகமும் உண்டு; கடையிற் தமிழிற் பேசி முருங்கைக்காய் வாங்கலாம். ஆயின் வாங்குமுன் கேட்கவேண்டியவற்றைப் பலர் கேட்பதில்லை. மின்னுயர்த்தி உண்டா, மின்வெட்டில் அதனை இயக்கப் பொறி உண்டா, மாதந்தோறும் பராமரிப்புக்கு எவ்வளவு, அப்பணத்தை இளைப்பாற்றுச் சம்பளம் தாங்குமா? 2022 ஆம் ஆண்டுப் பங்குனியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது, ஐந்தாம் மாடியில் இருந்த என் ஒன்றுவிட்ட பெரியப்பா நாட்கணக்காகக் கீழே இறங்காதிருந்தார். கூண்டுக்கிளி என்று தம்மைத் தாமே சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு எனக்கு நகையாகப்படவில்லை.

கடல் கடந்து போவோர்க்குக் கேள்விகள் இன்னும் கடியன. கனடா 2011 இல் ஏற்படுத்திய 'சூப்பர் விசா' பெற்றோரை நீண்ட காலம் தங்க அனுமதிக்கின்றது. ஆயின் அது குடியுரிமையன்று, வைத்தியத்துக்குத் தனியே காப்புறுதி வாங்கவும் வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பேரக்குழந்தையோடு ஆறு மாதப் பனிக்குள் அடைந்திருக்கும் வாழ்வைச் சிலர் விரும்பியே ஏற்கின்றனர். விரும்பி ஏற்போர்க்கு யான் எதிர்சொல்லேன். குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போனபின் அவ்வீட்டில் தமக்கு என்ன இடம் என்பதைப் புறப்படுமுன் பேசிக்கொள்க என்பதே என் வேண்டுகோள். அங்ஙனம் பேசாது போனவர் திரும்பி வரும்போது ஊர் வீடு விற்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது இடத்தைப் பெயர் சொல்லவே நம்மவர் கூசுகின்றனர். 'கைதடிக்கு அனுப்பிவிட்டான்' என்பது யாழ்ப்பாணத்தில் ஒரு மகனைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கொடிய சொல். கைதடியில் இருப்பது அரச முதியோர் இல்லம். கைவிடப்பட்டோர் பலர்க்கு அது சோறும் கூரையும் தந்திருக்கின்றது. அதனை வசைச்சொல் ஆக்கியது நாமேயன்றி அங்குள்ளாரல்லர். இக்காலத்திற் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் இல்லங்களும் தோன்றியுள்ளன. என் கருத்தை ஒளிக்காமற் சொல்கின்றேன்: தனித்த வீட்டிற் பூட்டிய கதவுக்குப் பின்னே கிடப்பதினும், ஒத்த வயதினர் நால்வரோடு இருந்து பத்திரிகை படித்து, தாயம் ஆடி, சண்டையும் பிடித்து வாழ்வது மேல். ஊர்வாய்க்கு அஞ்சி ஒரு முதியவரைத் தனிமையில் வாட விடுதல் அன்பாகாது.

ஆனால் அங்கே போவதாயின் தாமே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். அதுவும் நடந்து போகக்கூடிய காலத்தில். முன்னறிவிப்பின்றி, மாலை மங்கிய பின் போங்கள். வரவேற்பறையைப் பாராதீர், படுக்கை நனைந்தவருக்கு எவ்வளவு நேரத்தில் துணி மாற்றுகின்றார்கள் என்பதைப் பாருங்கள். இரவில் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வைப்புப்பணம் வாங்குவாராயின், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்திற் கேளுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக விடுவார்களா என்பதும் சிறிய கேள்வியன்று.

புறநானூற்றிற் பிசிராந்தையார் பாட்டொன்று உண்டு. உயர்தர வகுப்பில் அதனைப் படிப்பிக்கும்போதெல்லாம் என் எண்ணம் இப்பொருளிற் செல்லும். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவப்பட்ட புலவர் மனைவியைச் சொல்கின்றார், மக்களைச் சொல்கின்றார், ஏவலரைச் சொல்கின்றார், அரசனைச் சொல்கின்றார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாம் வாழும் ஊரில் உள்ள சான்றோரைச் சொல்கின்றார். தம் வீடு எத்தனை அறை, எவ்வளவு உயரம் என்று அவர் சொல்லவில்லை. மாணாக்கர் இதனைத் தேர்வுக்குரிய செய்தியாகக் கொப்பியில் எழுதிக்கொள்கின்றனர். யானும் அவர்கள் வயதில் அவ்வாறே எழுதிக்கொண்டேன்.

உறுதி எழுதுவது பற்றியும் சில சொல்லியாக வேண்டும். வீடு இருந்தும் வீடற்றுப் போனவர் பலர் இவ்விடத்திலேயே தவறினர். எனக்குத் தமிழ் கற்பித்த பெரியார் ஒருவர். பெயர் சொல்லேன். செய்யுளுக்குச் சீர் பிரிப்பதில் அவரை வெல்ல இவ்வூரில் ஒருவர் இல்லை. மகளின் திருமணத்தின்போது குடியிருந்த வீட்டைச் சீதன உறுதியாக எழுதிக் கொடுத்தார். சீவிய உரித்தை ஒதுக்கி எழுதும்படி நொத்தாரிசு சொல்லியும், "என்ரை பிள்ளை என்னை விடுவாளோ?" என்று மறுத்துவிட்டார். மகள் விடவில்லை, நல்ல பெண். மருமகனின் வியாபாரம் நொடித்தது; வீடு ஈட்டுக்குப் போய், ஈட்டிலிருந்து விலைக்குப் போயிற்று. அறுபத்தெட்டாம் வயதிற் புத்தகப் பெட்டிகள் மூன்றோடு அவர் வாடகை அறைக்குக் குடிபெயர்ந்த நாளிற் பெட்டி சுமந்தவருள் யானும் ஒருவன். அன்பு குறைந்து நேர்ந்ததன்று அது. உறுதியில் ஒரு வரி குறைந்ததால் நேர்ந்தது. சீவிய உரித்தை ஒதுக்கியிருப்பின், வீட்டை எவர் வாங்கினும் அவர் கண்மூடும்வரை அவரை எழுப்ப இயலாதிருந்திருக்கும்.

எழுதிக் கொடுத்த நன்கொடையை, பெற்றவரின் பெருஞ் செய்ந்நன்றிக் கேட்டைக் காரணங் காட்டி நீக்குவிக்க 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழி கூறுகின்றது. ஆயின் நீதிமன்றம் ஏறியே அதனைப் பெறவேண்டும். எழுபது வயதிற் பெற்ற மகளின்மேல் வழக்கு வைக்கும் தந்தை எத்தனை பேர்? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அத்தகையதே. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர அது ஒரு சபையை ஏற்படுத்தியிருக்கின்றது. நல்ல சட்டம். அதன் படியில் ஏறுமளவுக்கு நிலைமை முற்றுமுன், நொத்தாரிசு முன்னிலையில் ஒரு வரி எழுதுவித்தல் எளிது. மரணசாசனம் எழுதுவதும் கடினமன்று. 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும், நொத்தாரிசு இன்றேல் ஐந்து சாட்சிகளும் போதும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. கணவர் எங்கோ வெளிநாட்டில் இருக்க, ஒரு கையொப்பத்துக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த தாய்மாரைக் கண்டிருக்கின்றேன்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. விழா நினைவாக அலங்கார வளைவு ஒன்று அமைப்பதாகப் பேச்சு அடிபடுகின்றது. வளைவு அழகுதான். இக்கல்லூரியிற் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர்கள் நகரைச் சுற்றித் தனியே வாழ்கின்றனர். எத்தனை பேர், எவ்விடத்தில் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. அக்கணக்கை முதலில் எடுப்போம். சாரணர் மாணவர் இருவர் இருவராகச் சனிக்கிழமை மாலையில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பத்திரிகை வாசித்துக் காட்டினால் என்ன? மாணவர்க்கும் உச்சரிப்புத் திருந்தும். வளைவுக்கென ஒதுக்கும் பணத்திற் பல குளியலறைகளுக்குக் கைபிடி பொருத்தலாம். கைபிடியிற் கொடையாளியின் பெயரைப் பொறிக்க வேண்டுமென்றாற் பொறிக்கட்டும். அதைப் பிடித்து எழுபவர் நாள்தோறும் அப்பெயரை வாசிப்பார்.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. சென்ற தைப்பொங்கல் விடுமுறையில், மகனின் கணிதக் கொப்பியிற் கிழித்த தாள் ஒன்றில், யானும் என் மனையாளும் எங்கள் முதுமைக்குரிய வீட்டை வரையத் தொடங்கினோம். பெரிய வீடன்று, இரண்டறை, ஒரு விறாந்தை. மூன்றிரவு வரைந்தும் முடியவில்லை. ஊர் வளவிலே கட்டவேண்டும் என்பது என் கருத்து. தன் தமக்கையின் வீட்டருகே, பேருந்துத் தரிப்பிடமும் மருந்துக்கடையும் கிட்ட உள்ள இடத்தில் கட்டவேண்டும் என்பது அவள் கருத்து. "நீங்கள் முந்திப் போனால் அந்த வளவிலை நான் ஆரோடை கதைக்கிறது?" என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. அக்காவுக்கும் அண்ணருக்கும் தாளைப் படம்பிடித்து அனுப்பினோம். இருவரும் இருவேறு திருத்தம் எழுதினர்.

நான்காம் இரவு தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தோம். முன்னறையில் உறங்குவதாக யாம் நினைத்திருந்த அம்மா, நடைத்தாங்கியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடியைக் கேட்டு வாங்கி அணிந்து, தாளை வெகுநேரம் பார்த்தார். பின்னர் விரலை ஒரு சதுரத்தில் வைத்து, "இது என்ன, கக்கூசோ?" என்றார். ஆம் என்றேன். "கட்டிலுக்கு இன்னும் கிட்டப் போடு தம்பி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.